சப்பரம் போகும் சந்தில் ஒரு சிவப்பு வண்டி

அக்டோபர் 12, ஞாயிறு மதியம்

அன்பும் மரியாதையும் உள்ள ஒர்னெல்லா அக்காவுக்கு,

தங்கை ரெனாத்தா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் ரத்த அழுத்தம் சுகம். எதிர்வீட்டு ஃபிலொமேனாவின் பூந்தொட்டிகள் இப்போது ஓரளவு சுகம், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். உன் இடது இடுப்பு எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் இரண்டாவது பத்திக்கு ஒத்திவைத்தேன். இந்தக் கடிதம் முழுக்க அப்படி ஒத்திவைத்த கதைதான்.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி உனக்கு இடுப்பில் அறுவை நடந்தது. அதற்கு முந்தின நாள் நீ அங்கே பாரி நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, மயக்க மருந்து பற்றியும் பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டை பற்றியும் பேசிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில், "வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாய். நான்கு வருடமாக அம்மாவோடு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஜெரார்தோவை விட்டுப் பிரிந்த பிறகும் அம்மா அவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அவன் அவளுக்குத்தான் புருஷன் இல்ல, எனக்கு இன்னும் மாப்பிள்ளைதான்" என்று சந்துக்கே கேட்கும்படி சொன்னாள். அதெல்லாம் தெரிந்தும் நீ அம்மாவைக் கூப்பிட்டாய். போனை வைத்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடுக்களைக்குப் போய், "அம்மா, ஒர்னெல்லா உன்னை வரச் சொல்றா" என்று சொல்வது. மூன்றடி தூரம். நான் சொல்லவில்லை. அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். அதனால் சுற்றிவளைத்து, எங்கே, எதற்கு என்று சொல்லாமல், "அம்மா, பஸ்ல ஏறுவியா?" என்று கேட்டேன். "எந்த பஸ்ல, எதுக்கு? என் முழங்கால் இருக்குற இருப்புல அந்தப் படியில நான் ஏறவா?" என்றாள். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சின்னதாக ஒரு வண்டி வாங்கி, வாசலிலேயே நிறுத்தி, கதவைத் திறந்து உட்காரவைத்த பிறகு பாரிக்கு என்று சொன்னால் அவளால் இறங்கிப் போக முடியாதே என்று. கணக்கு வாத்தியாரம்மாவின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். உன்னிடமும் "ஒரு மாசத்துல வண்டி வாங்கி அம்மாவோட வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

தேடியதில் இரண்டு வண்டிகள் தேறின. இரண்டும் பின்னால் ஒரு கதவு மேலே தூக்கித் திறக்கும் சின்ன ஹேட்ச்பேக். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கம்பெனிப் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் நீயும் யோசனை சொல்ல ஆரம்பிப்பாய். வெள்ளை மாத்தேராவில் ஒரு கடையில். சிவப்பு, மன்னித்துக்கொள், ஜெரார்தோ வேலை பார்க்கும் ஷோரூமில். கீழ்ச்சாலையில் இருப்பது அது ஒன்றுதான். அம்மா அங்கே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வாசலில் அவரைப் பார்த்ததும் பதினெட்டு வருடப் பழக்கத்தில் வாய் "அத்தான்" என்று தொடங்கிவிட்டது. பாதியில் விழுங்கி இருமினேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சிவப்பு வண்டியின் முன்சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் இறங்கவில்லை. இதில் உட்கார்ந்தால் சதுக்கத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும் என்றாள். ஜெரார்தோ என்னைத் தள்ளி அழைத்துப்போனபோது உன் அறுவையைப் பற்றிச் சொன்னேன்; "எந்த இடுப்பு?" என்று மட்டும் கேட்டார். இடது என்றேன். "அப்போ வெள்ளையை வாங்கு, ரெனாத்தா. அதுல சீட் நாலு விரக்கடை உசரம். இடுப்புல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க தாழ்வா உக்காரக் கூடாது" என்றார். தன் கடை வண்டியை விற்காமல் அடுத்த கடைக்கு அனுப்புகிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. அதனால் இது பெரிய வியாபாரத் தந்திரமாக இருக்கும் என்று முடிவுகட்டி, என் நோட்டில் 'சீட் உயரம்' என்ற வரிசைக்கு இரண்டு வண்டிக்கும் பூஜ்யம் போட்டேன். அக்கா, உனக்காக உலகத்தில் ஒருவர் சொன்ன ஒரே நல்ல யோசனைக்கு நான் பூஜ்யம் போட்டேன்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு பக்க நோட்டு. இருபத்துமூன்று வரிசைகள். டிக்கியில் தக்காளிச் சாறு பாட்டில்கள் எத்தனை நிற்கும் (சிவப்பு முப்பத்தாறு, வெள்ளை முப்பத்துநாலு, ஆனால் வெள்ளையில் ஆடாது), அம்மா பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுக்கும் அளவுக்குக் கதவு திறக்கிறதா, கொடிமுந்திரித் தோட்டத்து ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதா என்று எல்லாவற்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மே மாதக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் இரண்டும் 168. எது முக்கியம் என்று பார்த்து மதிப்பெண்ணைப் பெருக்கினேன். அப்போதும் சமம். பரீட்சையில் என் பிள்ளைகள் இப்படிச் செய்தால் விடையை முதலிலேயே முடிவுசெய்துவிட்டுக் கணக்குப் போடுகிறாய் என்று திட்டியிருப்பேன். ஜூனில் நீ, "வண்டி வாங்கினதும் கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். வாங்கவில்லை, அதனால் கூப்பிடவில்லை. நான் மட்டும் தனியாக பஸ்ஸில் வந்திருக்கலாம். தனியாக வந்தால் வாக்குத் தவறியதாகிவிடும் என்று வராமலே இருந்தேன். இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிகிறது.

பிறகு சந்து ஒரு பிரச்சினையாக வந்தது. வண்டி வாசல்வரை வர வேண்டும் என்றால் வளைவுக்குக் கீழே நுழைந்து, ஃபிலொமேனா வீட்டு மூலையில் திரும்ப வேண்டும். அளவு நாடாவோடு நின்ற என்னைப் பார்த்து, தச்சர் டொனாத்தோ மாமா சிரித்தார். முப்பது வருடமாகப் புனித ரோக்குவின் சப்பரத்துக்கு முன்கொம்பு பிடிப்பவர் அவர். "ஏம்மா, சப்பரம் ஒரு மீட்டர் எழுபது. ஆகஸ்ட் பதினாறுக்கு வருஷா வருஷம் புனிதரும் அவர் நாயும் இந்தச் சந்துல சுத்திட்டுப் போறாங்க. புனிதர் போற வழியில உன் வண்டி போகாதா?" என்றார். இதற்கு நம் ஊரில் யாரிடமும் மறுப்பு இல்லை. இருந்தாலும் எனக்கு ஆதாரம் வேண்டும் என்று அடம்பிடித்ததால், இரண்டு வண்டியின் அகலத்துக்கும் மரச்சட்டம் அடித்து, ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்கு வெள்ளையும் பூசி, சப்பரம் தூக்கும் ஆட்களையே கூப்பிட்டுத் தோளில் வைத்து நடத்தினார். ஃபிலொமேனா பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு சட்டமும் தாராளமாகப் போயின. நான் பின்னாலேயே நடந்து நோட்டில் 'போகிறது, போகிறது' என்று எழுதினேன். அந்த மூலையில் இடுப்பு உயரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறதே, நினைவிருக்கிறதா? அங்கே வந்ததும் ஆட்கள் இடப்பக்கத்தைத் தூக்கி வலப்பக்கத்தைத் தாழ்த்தி, சாய்த்துக் கொண்டுபோவார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறோம். சட்டத்தையும் அப்படியே சாய்த்துத்தான் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வண்டி சாயாது என்பது முழுச் சந்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று, சனிக்கிழமை மதியம், நான் கேட்டுக்கொண்டபடி ஜெரார்தோ சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். அம்மா சதுக்கத்திலேயே போய் நின்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வளைவுக்குள் நுழைந்தார்கள், மூலையில் திரும்பினார்கள், அவ்வளவுதான். இடப்பக்கம் கல், வலப்பக்கம் ஃபிலொமேனாவின் சுவர். மூன்று பூந்தொட்டி அங்கேயே போயிற்று. முன்னால் போகாது, பின்னால் வராது, பக்கத்துக் கதவு நான்கும் திறக்காது. பின்கதவு மட்டும் திறந்தது. அம்மாவை அந்த வழியாக வரச் சொன்னோம். "எழுபத்தாறு வயசுல, ஊரே பாக்க, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நான் பின்னால இறங்கவா? புனிதர் வந்து கேட்டாலும் மாட்டேன்" என்றாள். அவளைத் தனியே விடக் கூடாது என்று ஜெரார்தோவும் இறங்கவில்லை. டொனாத்தோ மாமா ஆள் திரட்டப் போனார். சப்பரக்காரர்களில் பாதிப் பேர் ஒலிவத் தோட்டத்தில், மீதிப் பேர் பந்தாட்டத்தில். மூன்று மணி நேரம் அவர்கள் இருவரும் வண்டிக்குள்ளே இருந்தார்கள். நான் பின்கதவு வழியாகக் காப்பி கொடுத்தேன், ரொட்டி கொடுத்தேன், அம்மாவின் மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டாவது காப்பிக்குத் தட்டோடு குனிந்தபோது அவர்கள் பேசியது காதில் விழுந்தது. இந்தக் கடிதம் எழுத அதுதான் காரணம்.

ஜெரார்தோ முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. போன வருஷமே ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்தணும்னு நினைச்சேன். நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் வந்துட்டிருக்கேன்" என்றார்.

அம்மா கைப்பையை மடியில் நேராக்கினாள். பிறகு, "நானும் உனக்காகக் கூப்பிடலப்பா" என்றாள். "நீ வந்தா அவளைப் பத்தி ஏதாச்சும் ஒரு சேதி வருமேன்னு கூப்பிட்டேன்."

"என்கிட்ட அவ பேசியே மூணு வருஷமாச்சும்மா."

"தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன்."

தட்டை வைத்துவிட்டு நான் அப்படியே குனிந்து நின்றேன். அக்கா, நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள். அடுப்பில் அவள் கிண்டிய அத்தனை சாறும் உன்னைப் பற்றி ஒரு வரி கேட்பதற்காக. அந்த ஒரு வரி ஏப்ரலிலிருந்து என்னிடம் இருந்தது. நான் அதை வைத்துக்கொண்டு டிக்கியில் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஏன் இத்தனை நாள் சொல்லல" என்று கேட்பாளே என்று நினைத்து அப்போதும் சொல்லவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம்வரை சொல்லவில்லை. அம்மா மறுத்துவிடுவாளோ என்று பயந்ததாக மேலே எழுதினேன், அது முழு உண்மை இல்லை. வண்டி வந்துவிட்டால் உங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து நடுவில் நான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் சண்டை போட்டாலும் பயம். இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டால், நான்கு வருடமாக இரண்டு பக்கமும் வேண்டியவளாக இருந்த எனக்கு என்ன வேலை என்றும் ஒரு பயம். சின்னப் புத்திதான். எழுதிவிட்டேன்.

வண்டி எப்படி வெளியே வந்தது என்று கேட்பாய். ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். டொனாத்தோ மாமா சப்பரத்துக்குக் கொடுக்கும் அதே குரலில் "தூக்கு" என்றார். அம்மா உள்ளே இருக்க வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, நகர்த்தி, மறுபடி தூக்கி, கல்லிலிருந்து விடுவித்தார்கள். ஜன்னல்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா உள்ளேயிருந்து புனிதரைப் போலவே யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் முழ நீளத்துக்குக் கீறல். "ஓட்டினவன் நான், கீறலும் என்னோடது" என்று சொல்லிவிட்டு ஜெரார்தோ போய்விட்டார். இன்று ஞாயிறு. அவர் சாப்பிட வரவில்லை. அம்மா பழக்கத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கழுவாமலே அலமாரியில் வைத்தாள்.

ஆகவே, வண்டி வாங்கவில்லை. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. நோட்டை மூடிவிட்டேன். இனி குளிர் வந்துவிடும், மலைப்பாதையில் பனி விழும், அம்மாவை எங்கேயும் கூட்டிப்போக முடியாது. வசந்தத்தில் பார்க்கலாம் என்று எழுதக் கை போகிறது, அந்த வார்த்தையை என்னாலேயே நம்பமுடியவில்லை. நீ நடக்கும்போது ஒரு தடவையாவது கைபிடித்துக்கொள்ளாமல் போனதற்கு என்னை மன்னித்துவிடு. புனித ரோக்குவும் அவர் நாயும் உன் இடது பக்கமாகவே நடந்து வரட்டும்.

வருத்தத்தோடும் முத்தங்களோடும்,
உன் தங்கை
ரெனாத்தா

பி.கு. திங்கள் காலை. எழுத்து ஆடுவதைப் பொறுத்துக்கொள். நேற்றுக் கடிதத்தை மேசையில் விட்டுவிட்டுக் குப்பை போடப் போனேன். திரும்பி வந்தால் அம்மா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "அவ என்னையும் கூப்பிட்டாளா?" என்றாள். ஆமாம் என்றேன். எப்போது என்று கேட்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தாள். இன்று காலை ஆறு பத்துக்கு, டொனாத்தோ மாமா பஸ் படிக்குக் கீழே ஆரஞ்சுப்பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துவைத்தார். அம்மா அதில் கால் வைத்து, யார் கையையும் பிடிக்காமல், என்னை முந்திக்கொண்டு ஏறிவிட்டாள். "முழங்கால்?" என்று கேட்டேன். "அதுக்கென்ன?" என்றாள். இப்போது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கிறாள். "இந்த வண்டிக் கதவு எவ்வளவு அகலமாத் திறக்குது பாரு, இதுக்கு எத்தனை மார்க் போட்ட?" என்று சற்று முன் கேட்டாள். பொதென்சாவில் பஸ் மாறி, பதினொன்றுக்கு பாரி வந்துவிடுவோம். இதைத் தபாலில் சேர்க்கவில்லை, கையில் கொண்டுவருகிறேன். நீ படிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாசல் மணி அடித்தால் மெதுவாக நடந்து வா, அவசரம் வேண்டாம். வெளியே நிற்பது அம்மா. அவள் காத்திருப்பாள்.