ரமேஷ்குமார் அழைத்த ஆறு பேர்

நண்பர் தேர்வாளர் என்றொரு இனம் உண்டு. நம் மலையில் தேயிலைக்கு அடுத்தபடி செழித்து வளர்வது இந்த இனம்தான். தனக்கென்று ஒரு சிநேகிதனைத் தேடிக்கொள்ளத் துப்பிருக்காது; பிள்ளைக்கு மட்டும் சல்லடை போட்டுச் சலித்து எடுக்கும்.

குன்னூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ரமேஷ்குமாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் கிளார்க். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் கனிஷ்கா யாரோடு பேசினாலும், அந்தப் பிள்ளையின் ரேங்க் என்ன, கையெழுத்து எப்படி, அப்பா எந்த செக்‌ஷன், வீட்டில் எத்தனை மணிக்கு டிவியை அணைப்பார்கள் என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்து, ஆபீஸில் ஒரு ஃபைலை நகர்த்துவதற்கு ஆகும் நாட்கள் கழிந்த பிறகே விளையாட அனுமதிப்பார்.

அவர் தள்ளுபடி செய்தது, கனிஷ்காவோடு படிக்கும் ரேஷ்மாவை. வாசித்தால் வரி தாவுவாள். எழுத்தைத் திருப்பிப் போடுவாள். தாயம் ஆடினால் பாதியில் எழுந்துபோய் சன்னலில் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது திமிர் இல்லை, கற்றல் குறைபாடு என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னதை அவள் அம்மா அனுராதா பொறுமையாக விளக்கினார். இவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நல்ல புள்ளதானுங்க. ஆனா எங்க பாப்பாவுக்கும் தொத்திக்கிச்சுன்னா?"

தொற்றிக்கொள்ள அதென்ன, அம்மையா?

வகுப்பில் ரேஷ்மாவைச் சேர்த்துக்கொண்டவள் கனிஷ்கா ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் பிடுங்கிவிட்டார் மனிதர்.

கனிஷ்காவுக்குப் பிறந்தநாள் வந்தது. முதல் ஆறு ரேங்க் பிள்ளைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு அழைத்தார். ஆறு பேரும் வந்தார்கள், பாடினார்கள், கேக்கும் வர்க்கியும் தின்றார்கள். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். ஐந்து மணிக்கு டியூஷன். ரேங்க் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஏது? அத்தனை விசாரித்தவர் இதை விசாரிக்கவில்லை.

பலூன்களுக்கு நடுவே திரும்பிப் பார்த்தால் கனிஷ்காவைக் காணோம். வீடு வீடாகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தபோது, அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில் ரேஷ்மா வீட்டில் இருந்தாள். விசும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி ரேஷ்மா. அரைமணி நேரமாக இடத்தைவிட்டு அசையவில்லை என்றார் அனுராதா.

"வெளையாட்டுன்னா எந்திரிச்சுப் போயிருவாப்பா," என்றாள் கனிஷ்கா. "நான் அழுதா மட்டும் போகவே மாட்டா."

ரமேஷ்குமாருக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே வலித்தது. இரண்டு நிமிடம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படிக் கூடவே உட்கார்ந்திருக்கப் பழக்குவதற்கு ஏதாவது கிளாஸ் நடக்கிறதா, கனிஷ்காவையும் சேர்க்கலாமா என்று அனுராதாவிடம் கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் நாலாம் வகுப்பு படித்தபோது, யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை இருந்திருக்கும். அதன் பெயர் என்ன? நினைவு வரவில்லையா? பரவாயில்லை, ரமேஷ்குமாருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, நீங்களும் வந்து உட்காரலாம்.