ரோஜா நிறக் கட்டைவிரல்

என்ன கெஞ்சினாலும் இந்தச் சனிக்கிழமை ஒரு விரலைக்கூட நீட்டுவதில்லை என்று வெர்லின் ஆஸ்ட்பி சபதம் எடுத்திருந்தார். காபி ஆறும்வரைகூட அந்தச் சபதம் தாங்கவில்லை.

"கட்டைவிரல் மட்டும் குடு. ஒரே ஒரு நகம்."

"நான் ஆம்பளை, மார்லிஸ்."

"நகத்துக்கு அதெல்லாம் தெரியாது. நீட்டு."

மனைவி மார்லிஸுக்கு நெயில் பாலிஷ் பித்து. பெரிய கடைகளில் விற்கிற பாலிஷ் அல்ல. எங்கேயோ ஒரு பெண்மணி தன் வீட்டு மேசையில் கலந்து, நூறே புட்டிகளில் அடைத்து, இணையத்தில் விற்பாளே, அந்த ரகம். சனிக்கிழமை புதுச் சாயம் போட்டுப் பார்க்கும் நாள். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. வீடெல்லாம் நெடி. "இது நீலமா, பச்சையா?" என்று கேட்பாள். நீலம் என்றால் வெர்லினுக்குக் கண் தெரியவில்லை. பச்சை என்றால் ரசனை இல்லை.

அதனால்தான் ஆறு குளிர்காலமாக அவர் சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போகிறார். மினசோட்டாவில், உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்திருக்கும் புருஷனை எந்த மனைவியும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வெர்லின் துளையும் போட்டதில்லை, பனியில் உட்கார்ந்ததும் இல்லை. நண்பர் டுவேன் வீட்டுப் பேஸ்மென்டில், கணப்பை ஒட்டிய சோபாவில் சாய்ந்து, பீரும் டிவியில் ஹாக்கியுமாகப் பொழுதைக் கழிப்பார். திரும்பும்போது, உண்மையிலேயே ஏரிக்குப் போய் வந்த யாரிடமாவது இரண்டு மீன் வாங்கிக்கொள்வார்.

அன்றும் ரோஜா நிறக் கட்டைவிரலைக் கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் மார்லிஸிடமிருந்து செய்தி வந்தது. 'ஏரியில வச்சு அந்த விரலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என் இணையப் பக்கத்துல போடணும்.'

"வெளிய போய் எடுடா," என்றார் டுவேன்.

"பைத்தியமா? மூக்கு உடைஞ்சு கையில வந்துடும்."

இருவரும் மூளையைக் கசக்கினார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று வந்தது. டுவேனின் ஃப்ரீசரிலிருந்து மீன் ஒன்று வந்து அதில் படுத்தது. பக்கத்தில் வெர்லின் கட்டைவிரலை உயர்த்தினார்.

"அசல் பனிகூட இப்படி இருக்காது," என்றார் டுவேன்.

படம் போன இரண்டாவது நிமிடம் போன் அடித்தது.

"ரொம்பக் குளிரா அங்க?"

"கேக்காத! மீசையே உறைஞ்சுபோச்சு!"

"விரல் உறையலையே."

"என்னது?"

"அந்தப் பாலிஷ் சூட்டுல ரோஜா, குளிர்ல கறுப்பு. எனக்குக் கறுப்புதான் வேணும். டுவேன் வீட்டு வாசலுக்குப் போய் இன்னொண்ணு எடுத்து அனுப்பு."

போன் வைக்கப்பட்டது. வெர்லின் காலுறையோடு வாசலுக்கு ஓடினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா கறுத்தது. அவருடைய சாயம் வெளுத்தது.

வீட்டுக்கு ஓட்டிவரும்போது மன்னிப்பு வாசகங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாவம், அழுதிருப்பாள். ஆறு வருஷம் ஏமாந்தவள் அழாமல் இருப்பாளா? தான் இல்லாத குறைக்காக ஒருத்தி அழுகிறாள் என்ற நினைப்பு, வெட்கத்துக்கு நடுவில் கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

கதவுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. மார்லிஸ் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. உள்ளே நாலு பெண்கள் விரல்களை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய நாற்காலியில் ஒருத்தி, கால் இரண்டையும் ஸ்டூலில் நீட்டியபடி. அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

மார்லிஸ் எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"மார்லிஸ், நான் உன்கிட்ட பொய்..."

"தெரியும். முதல் வாரமே தெரியும். தூண்டிலைக் கராஜ்லயே விட்டுட்டு எவன் மீன் பிடிக்கப் போவான்?"

"தெரிஞ்சுமா ஆறு வருஷம் ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் முகத்தில் கோபமே இல்லை. காயாத நகங்களை மெதுவாக ஊதிக்கொண்டே சொன்னாள்:

"கேட்டிருந்தா நீ வீட்லயே இருந்துடுவியே."