ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை

பாட்ரீசியாவின் இப்போதைய முகம் மனதில் வரவே மாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சந்திக்கப் போகிறார் பால்ராஜ். மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம், குஞ்சம்மாவின் கோப்பிக் கடை முன்னால் என்று பேச்சு. கண்ணை மூடி அதைக் கற்பனை செய்தால், நியாலாஸ் தோட்டத்துத் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண் இரட்டைச் சடையோடு பேருந்திலிருந்து இறங்கினாள். சுற்றிலும் எல்லாம் மங்கல். நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவர் இறந்தபின் சுங்கை ரம்பாயில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பால்ராஜும் தனிக்கட்டை ஆகிவிட்டார். இருவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்துதான். வீட்டார் காதுபடப் பேசக் கூச்சம். படம் கேட்கலாம். கேட்டால் தன் வழுக்கையை அனுப்ப வேண்டிவரும்.

கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தார். "வந்துட்டியா? எவ்வளவு நாளாச்சு!"

மருமகள் ஷெர்லீன் எட்டிப் பார்த்தாள். "மாமா, யார்கிட்ட பேசுறீங்க?"

"சும்மாலா."

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

"அடுத்த வாரம் சந்தோஷமா ஏதாச்சும் இருக்கா அங்கிள்?" என்றார் டாக்டர் ஜனகா.

"ஒரு பழைய கூட்டாளிய பாக்கப் போறேன்."

"அவரு எப்படி இருப்பாரு? விவரமா சொல்லுங்க."

"ரெட்டை ஜடை போட்டிருப்பாரு."

ஷெர்லீனுக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு, பால்ராஜிடம் கதை முழுவதையும் கேட்டார்.

"பயப்படாதீங்க. வயசானா, நடக்கப் போறத மூளை தெளிவா வரையாது. பார்த்த பழசத்தான் வெட்டி ஒட்டும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். அந்த இடத்துல போய்க் கொஞ்சம் உக்காருங்க, படம் தெளியும்."

போனார். குஞ்சம்மா கடை முன்னால் இருந்த ஒரே பெஞ்சில் ஒரு கிழவி. நரைத்த கிராப்பு, தடித்த கண்ணாடி. உதடு அசைந்தது; ஜெபம் போலும்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களாம்மா? இந்த எடம் எனக்கு முக்கியம்."

"எனக்கும் முக்கியந்தான் பெரியவரே."

"யாரு பெரியவரு? உங்களுக்கென்ன பதினெட்டா?"

"மரியாத தெரியாத ஆளு!" குடையை விசுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பால்ராஜ் ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். பேருந்து வந்தது, கதவு திறந்தது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இறங்கியவள் அந்தக் குடைக்காரி. மறுபடி மூடினார், மறுபடியும் அவள்தான். இரட்டைச் சடை போயே போய்விட்டது. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த முகம்! கண் கலங்கியது.

"என்னா அங்கிள், கோப்பி ஆறுது?" என்றாள் குஞ்சம்மா.

"பாட்ரீசியான்னு ஒருத்தங்கள ஞாயித்துக்கிழம இங்க பாக்கணும்மா. அவங்க மொகத்த நெனச்சா, இப்ப சண்ட போட்டுட்டுப் போச்சே, அந்தப் பொம்பள மூஞ்சிதான் வருது!"

குஞ்சம்மா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"வேற யாரு மூஞ்சி வரும் அங்கிள்? அவங்கதான் பாட்ரீசியா ஆண்ட்டி. ஞாயித்துக்கிழம யாரோ பால்ராஜுகிட்ட என்ன பேசுறதுன்னு பழகிப் பாக்க வந்தாங்க!"