நாலு முட்டையும் ஒரு சத்தியவானும்

ஒரு காட்டில், காடு என்றதும் புலி, யானை, அருவி என்று மனசை ஓடவிட வேண்டாம், சீமைக்கருவேலமும் பாதி வற்றின கண்மாயும் மட்டுமே இருக்கிற காடு, அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவிக் குடும்பம் இருந்தது. அம்மா பெயர் செங்கமலம். அப்பா வீரபத்திரன். மகன் மருதன், போன வருஷத்து முட்டையில் வந்தவன். தனியாகப் பறக்கிறான், தனியாக இரை தேடுகிறான், கொஞ்ச நாளாகத் தனியாகச் சிந்திக்கவும் ஆரம்பித்திருந்தான். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

ஆள்காட்டிக்கு மரத்தில் கூடு கட்டுகிற வேலையெல்லாம் தெரியாது. பொட்டல் தரையில் கூழாங்கல்லைச் சுற்றி ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டையிடும். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. நரி வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் அந்தக் குலத்தில் ஒரு வித்தை உண்டு. நரியின் தலை தெரிந்ததும் தாய்க்குருவி முட்டையை விட்டு நைசாக நழுவும். கொஞ்ச தூரம் போய், ஒரு றெக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்ட ஆரம்பிக்கும். "ஐயோ, ஒடிஞ்சு போச்சே, இனி எப்படிப் பறப்பேன்" என்று ஊரைக் கூட்டும். பறக்க முடியாத குருவி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் போனால் எந்த நரிக்குத்தான் நாக்கு ஊறாது? பின்னாலேயே போகும். செங்கமலம் நொண்டி நொண்டியே அதை மடைக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே போனதும் விர்ரென்று கிளம்பி மேலே போய்விடுவாள். நரி பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

மருதன் முழுசாகப் பொரிந்து வெளியே வந்ததே இந்த நொண்டலால்தான். அதை அவனிடம் சொல்லாமல் இல்லை. பெற்றவர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டான். அதாவது, செல்போனைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். அது கண்மாய்க்கரையில் குடிக்க வந்த யாரோ நிதானம் இல்லாமல் விட்டுப்போன போன். சார்ஜ் எப்படி ஏற்றினான் என்று கேட்காதீர்கள். குருவி பேசுவதை நம்பிவிட்டீர்கள், இதை நம்ப மாட்டீர்களா?

அந்தப் போனில் 'வாய்மைக் கழகம்' என்று ஒரு குழு இருந்தது. காலையில் ஒரு சத்தியம், மாலையில் ஒரு சத்தியம் என்று அதில் வந்துகொண்டே இருக்கும். மருதன் அத்தனைக்கும் இதயம் போட்டான். போடப் போட, தன் வீட்டில் நடப்பது அவன் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. போதாக்குறைக்குக் கண்மாயில் நிற்கிற இளவட்டக் கொக்குகள் வேறு, "உங்கம்மா நடிப்பு பின்னிட்டாங்கடா" என்று சிரித்துத் தொலைத்தன. அவன் நேரே வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, இனிமே நீ நொண்டக் கூடாது."

"எனக்கு றெக்கையில ஒண்ணும் இல்லையேடா."

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் இல்லாம ஏன் நொண்டுறே? அது பொய்."

"பொய்தான்" என்றாள் செங்கமலம், இந்த வருஷம் இட்ட நாலு முட்டையையும் புரட்டி வைத்துக்கொண்டே.

"கொஞ்சமாவது உறுத்துதா உனக்கு?"

"பசிக்குது. உங்கப்பாவை வந்து கொஞ்சம் மாத்தி உட்காரச் சொல்லு."

வீரபத்திரன் மேட்டில் நின்று நாலு திசையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். முட்டையிட்ட நாளிலிருந்து அவருக்கு அதுதான் உத்தியோகம். தொண்டை கட்டிப்போன மனுஷனிடம், மன்னிக்கவும், குருவியிடம், கொள்கை விளக்கம் கேட்க மருதனுக்கே மனசு வரவில்லை.

செங்கமலம் அவனைக் கிட்டே கூப்பிட்டாள். "இங்க வா. காதை வெச்சுக் கேளு."

குனிந்து கேட்டான். முட்டைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு 'கீச்'. பக்கத்து முட்டை அதற்குப் பதில் சொன்னது. மருதனுக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கொள்கை வீரர்கள் இதற்கெல்லாம் சிலிர்க்கலாமா என்று தெரியாததால் தலையைத் தூக்கிக்கொண்டான்.

"இவங்களாவது பொய் இல்லாத வீட்டுல பொறக்கணும்மா."

"மொதல்ல பொறக்கட்டும்டா" என்றாள் செங்கமலம்.

வாய்மைக் கழகத்தை ஆரம்பித்தவர் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. தணிகாசலம் என்கிற நரியார். வருஷா வருஷம் பனைமரத்தடியில் அண்ணாந்து நின்றவர். நின்று நின்று கழுத்து வலித்துத்தான் அவருக்குச் சத்தியத்தின் மேல் பற்று வந்தது என்று சொல்வார்கள். அவர் மருதனைத் தனியாகச் சந்தித்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

"தம்பி, பசியைக்கூடத் தாங்கிக்கலாம். ஒரு தாயே நம்மை ஏமாத்துறதைத் தாங்க முடியல. நம்பித்தானேப்பா பின்னாடி போனேன்?"

மருதனுக்கு அவமானமாகப் போயிற்று. "எங்கம்மா சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன் ஐயா."

"மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. நாலு பேருக்குத் தெரியுற மாதிரி உண்மையைச் சொல்லு, போதும். சொன்னா முழுசாச் சொல்லணும். வீட்டு விஷயமாச்சேன்னு பாதியில நிறுத்துறவங்களைக் கழகத்துல யாரும் மதிக்கிறதில்ல."

வீட்டில் அம்மா ஆயிரம் தடவை சொல்லி ஏறாதது, நரி ஒரு தடவை சொன்னதும் ஏறிவிட்டது. வயசு அப்படி.

அடுத்த நாள் காலையில் ஒரு கீரி வந்தது. செங்கமலம் வழக்கம்போல நழுவி, வழக்கம்போல நொண்டினாள். மருதன் பாறைமேல் ஏறி நின்று நேரலையைப் போட்டான்.

"வணக்கம் உறவுகளே! இதோ பாருங்க, எங்கம்மா. இப்ப இடது றெக்கையை இழுப்பாங்க. இழுத்துட்டாங்களா? அது ஒடியவே இல்ல. நேத்துகூட அதே றெக்கையாலதான் என் மண்டையில ஒண்ணு போட்டாங்க. யாரும் ஏமாறாதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், அவங்க எந்தப் பக்கம் நொண்டிப் போறாங்களோ, முட்டை அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். முழு உண்மை இதுதான். பிடிச்சிருந்தா பகிருங்க."

பகிர்ந்தார்கள். காடே பகிர்ந்தது. பனைமரம் வரைக்கும் போய்த் திரும்பிய கீரிகூட, 'என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள் தம்பி' என்று எழுதியது. மருதனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

செங்கமலத்துக்குப் போன் பார்க்கத் தெரியாது. ஒரு மைனா வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனது. அவள் மகனைத் திட்டவில்லை. முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம்ங்கிறதையுமா சொன்னே?"

"முழுசாச் சொல்லணும்ல?"

முட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற ஆள்காட்டியால் முடியாது. ஒரே ஒரு நம்பிக்கைதான். ஆள்காட்டிக் குஞ்சு பொரிந்த உடனே ஓடும். ஓடிப் புதருக்குள் பதுங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஒரு முட்டையில் அப்போதே கீறல் விழுந்திருந்தது.

"நாளைக்குப் பொழுது விடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வராம இருந்தாப் போதும்" என்றாள்.

தணிகாசலம் சாயங்காலமே வந்துவிட்டார். ஒளியவில்லை, பதுங்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

செங்கமலம் நொண்டினாள். ஆயுசில் அப்படி நொண்டியதில்லை. புழுதியில் புரண்டாள், றெக்கையை இழுத்தாள், "ஐயோ, ஒடிஞ்சு போச்சே" என்று கதறினாள். தணிகாசலம் உட்கார்ந்து கடைசி வரைக்கும் ரசித்துப் பார்த்தார்.

"போன வருஷத்தைவிட நல்லா இருக்கும்மா. அந்த ஐயோவுல உருக்கம் கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் நொண்டிய பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேர்கோடு போட்ட மாதிரி முட்டையை நோக்கி நடந்தார்.

செங்கமலம் நாடகத்தை விட்டுவிட்டு அவர் முகத்தில் போய் விழுந்தாள். கொத்தினாள். அவர் முன்னங்காலை ஒரு வீசு வீசினார். 'மடக்' என்று ஒரு சத்தம். கீழே விழுந்தவள் எழுந்தாள். இடது றெக்கை தரையில் இழுபட்டது. "ஐயோ, ஒடிஞ்சு போச்சே" என்றாள். அதே வார்த்தை, அதே றெக்கை.

கண்மாய்க்கரையில் கொக்குகள் றெக்கையைத் தட்டி ஆரவாரம் செய்தன.

பக்கத்தில் எருமைக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஓர் எருமை தலையை ஆட்டியிருந்தால் போதும், தணிகாசலம் ஓடியிருப்பார். மருதன் அலறிக்கொண்டு அங்கே போனான்.

"ஓடி வாங்க! எங்கம்மா றெக்கை நிஜமாவே ஒடிஞ்சிருச்சு!"

மூத்த எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "தம்பி, ஏமாறாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாங்க ஏமாற மாட்டோம். கவலையே படாதீங்க."

மருதன் திரும்பிப் பறந்து வந்து அப்பாவோடு சேர்ந்து நரியின் தலையில் கொத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கீறல் விழுந்திருந்த முட்டையில் குஞ்சின் மூக்கு நுனி வெளியே தெரிந்தது. அதற்குள் அது நரியின் வாய்க்குள் போய்விட்டது. நாலும் போயின. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரமே வாய்மைக் கழகம் மருதனுக்குப் பாராட்டு விழா எடுத்தது. தாயும் அவசியம் வர வேண்டும் என்று தலைவர் தணிகாசலம் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு அந்த 'மடக்' காதைவிட்டுப் போகவில்லை. நடிப்பில் சத்தம்கூட வருமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். நிஜமாகவே பறக்க முடியாத குருவி என்றால் ஒரு விருந்து பாக்கி இருக்கிறது அல்லவா?

"நான் போக மாட்டேன். நீயும் வராதே" என்றான் மருதன்.

"போகலைன்னா ஏன் வரலைன்னு யோசிப்பான். நட" என்றாள் செங்கமலம்.

நடந்துதான் போனார்கள். அவள் கூட்டத்துக்குள் றெக்கையை இழுத்தபடி நுழைந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரு கொக்கு தொகுத்து வழங்கியது. எருக்கிலையைக் கோத்து மருதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'சத்தியச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். பிறகு தணிகாசலம் மைக்கைப் பிடித்தார்.

"வாழ்நாள்ல பொய்யே பேசாத தம்பிகிட்ட, இந்தச் சபையில ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அம்மா றெக்கை ஒடிஞ்சிருச்சுன்னு நீங்க அழுதீங்க. அது நிஜமா? இல்ல, அதுவும் நடிப்பா? சத்தியமாச் சொல்லணும்."

காடே காதைத் தீட்டிக்கொண்டது. மருதன் அம்மாவைப் பார்த்தான். அவள் முன்வரிசையில் கீரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். றெக்கை ஒரு தினுசாகத் தொங்கியது. அவன் வாயிலிருந்து உண்மை ஒன்று வந்தால் அவள் இந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போகப்போவதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நடிப்புதான் ஐயா. நான் அழுததும் நடிப்பு. குடும்பத்தோட சேர்ந்து நடிச்சேன். அந்த ஒரு தப்புக்கு மன்னிச்சிருங்க. எங்கம்மா நினைச்சா இப்பவே பறந்துருவாங்க."

"அப்போ கொஞ்சம் பறந்து காட்டச் சொல்லுங்களேன்."

"தாராளமா ஐயா. வழக்கம்போல நீங்க பின்னாடியே நடந்து வாங்க. பனைமரத்துக்கிட்ட போனதும் பறந்து காட்டுவாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எருமைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தணிகாசலத்துக்கு முகம் சுருங்கியது. இனி எந்த நொண்டிக்குருவி பின்னாலும் போவதில்லை என்று காடறிய அறிவித்தவர் அவர். ஒரு தடவை இருமினார்.

"அந்த வேலையெல்லாம் இனி என்கிட்ட நடக்காது. அம்மா போயிட்டு வரலாம்" என்றார்.

செங்கமலம் எழுந்து, அவர் மூக்குக்குக் கீழேயே நொண்டிக்கொண்டு போனாள். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பும் வழியில் பழைய கூழாங்கல் வட்டத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாண்டியதும் மருதன் அழ ஆரம்பித்தான். "என்னாலதானேம்மா எல்லாம்" என்றான்.

செங்கமலம் இல்லை என்று சொல்லவில்லை. அவளும் அழுதாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பொய் சொல்லும்போது கீழே பார்க்கிறே. அடுத்த தடவை நேரா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு" என்றாள்.

அடுத்த தடவை என்று ஒன்று தினமும் வருகிறது. செங்கமலம் இப்போதெல்லாம் பட்டப்பகலில் அந்தப் பொட்டலில் றெக்கையை இழுத்துக்கொண்டு இரை தேடுகிறாள். நரி பார்த்தால், "யார்கிட்ட?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறது. யாராவது சந்தேகப்பட்டால் மருதன் நேராக முகத்தைப் பார்த்து, "எங்கம்மா நல்லாப் பறக்கிறாங்க" என்கிறான். அவன் பொய் சொல்ல மாட்டான் என்று அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நீதி: இளமையிலேயே உண்மை பேசி நல்ல பெயர் எடுத்துவிடுங்கள், பிற்காலத்தில் பொய் சொல்ல வேண்டி வரும்போது உதவும். அதற்கு ஆகும் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.