கொத்தமல்லிக்கு வெடி வைத்த பட்டாசு அண்ணன்

பிள்ளை பிறந்ததற்கு வெடி வைத்தவர்கள் உண்டு. மேட்ச் ஜெயித்ததற்கு வைத்தவர்கள் உண்டு. தேர்தலில் எதிராளி தோற்றதற்கு வைத்தவர்களும் உண்டு. கொத்தமல்லி முளைத்ததற்கு வெடி வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் காம்பவுண்டில் முதல் போர்ஷனில் குடியிருந்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவரை, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பட்டாசு என்றார்கள். நாங்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொண்டோம். அவர் மனைவி கலா மட்டும் 'யோவ்' என்பாள். கலாவுக்கு செல்போன் கம்பெனியில் வேலை. அவளுடைய ஷிப்டுக்குத் தகுந்தபடி தன் டிரிப்பை மாற்றி மாற்றி ஓட்டி, ஐந்து வயது பூர்ணியையும் மூன்று வயது சஞ்சுவையும் பட்டாசு அண்ணன்தான் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். எங்கள் மகன் கவினுக்கு அப்போது நாலு வயது. அவர் கணக்கில் கவினும் அவர் பிள்ளைதான்.

பால்வாடியிலிருந்து ஒருநாள் பூர்ணி காகித டம்ளரில் மண்ணோடு வந்தாள். உள்ளே கொத்தமல்லி விதை. அப்பாவும் பிள்ளைகளும் அந்த டம்ளரைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி, உற்று உற்றுப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு காலை, தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சரம் எங்கள் வாசலில் படபடவென்று வெடித்தது. மொத்தக் காம்பவுண்டும் வெளியே ஓடி வந்தது. மாடி ரூமில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் சிலர் இருந்தார்கள். கார் பாகம் செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தார்கள். அவர்களில் முருகேசன், இடுப்பில் கைலியும் கையில் தலையணையுமாகப் பாதிப் படியில் நின்றான்.

"என்னண்ணே, டிரான்ஸ்பார்மரா வெடிச்சது?"

"மொளச்சிட்சிப்பா!"

"எது?"

"கொத்தமல்லி! வா, வா, எறங்கி வந்து பாரு. ரெண்டு எலை வுட்டுகீது!"

முருகேசன் இறங்கி வந்தான். குனிந்து டம்ளரைப் பார்த்தான். பாவம், நல்ல பையன். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையணையோடு மாடி ஏறினான்.

அன்றைக்கே தோட்டம் போடுவதென்று முடிவாகிவிட்டது. காம்பவுண்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய உடைந்த டைல்ஸும் கல்லும் முள்ளும்தான் அங்கே விளைச்சல். அண்ணன் கடப்பாரையோடு இறங்கினார். மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு கரண்டியோடு இறங்கினார்கள். என் வீட்டுக் குழம்புக் கரண்டியும் அதில் ஒன்று என்பது சாயங்காலம் குழம்பு ஊற்றும்போதுதான் தெரிந்தது.

நாற்றுகளை அவர் தன் வண்டியிலேயே கொண்டுவருவார். வண்டியில் இடம் இருக்காது. அதனால் பயணிகளின் மடியில் கொண்டுவருவார்.

"இந்தாம்மா, இத்த கொஞ்சம் மடில வெச்சிக்கினு வா. கத்திரி நாத்து. காத்து அடிச்சா வாடிடும்."

"அண்ணே, யூனிபார்மெல்லாம் மண்ணாவுது!"

"மண்ணு தட்டுனா போயிடும். செடி போச்சின்னா வருமா?"

எரு மூட்டையோடு பயணம் செய்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவரும் வண்டி மாறவில்லை. பத்து நாள் போனதும், ஏறும்போதே "என் கத்திரி எப்டி கீதுண்ணே?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே அவர் ஒவ்வொரு செடியின் உடல்நிலையையும் கத்திச் சொல்வார். எதிரே வரும் கண்டெய்னர் லாரிக்காரருக்கும் கேட்கும்.

பிள்ளைகள் செய்த விவசாயத்தையும் சொல்ல வேண்டும். கவின் தக்காளிச் செடிக்கு விட்ட தண்ணீரில் செடி மிதந்தது. பூர்ணி வெண்டைச் செடிக்கு வெயிலடிக்குமென்று தன் பாவாடையைப் போர்த்தினாள். சஞ்சு முள்ளங்கிப் பாத்திக்குப் பொறுப்பு. தினமும் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் நட்டு வைத்துக்கொண்டிருந்தான். கலா ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"டேய், இன்னாடா பண்ற?"

"வளந்துச்சானு பாக்கறேன்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். அதற்குள் அண்ணன் ஓடிவந்தார். "இரு கலா, இரு! வளந்துச்சாடா?"

"கொஞ்சூண்டு."

"எங்க, காட்டு!" வாங்கிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "அட, ஆமா!" என்றவர், அடுத்ததைத் தானே பிடுங்கிப் பார்த்தார். அந்தப் பாத்தியில் ஒரு முள்ளங்கியும் எலி வாலைத் தாண்டிப் பருக்கவில்லை. கடைசியில் அதையே பறித்துச் சாம்பார் வைத்தார்கள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. முள்ளங்கியை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

பிறகு கோழி வந்தது. ஒரகடம் ஜங்ஷனில் சைக்கிளில் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தவரிடமிருந்து நாலு குஞ்சு வாங்கிவந்தார். ரோஸ், பச்சை, மஞ்சள், ஊதா. அவற்றின் பெயரும் அதுவேதான். குஞ்சுகள் சாயம் போய் வெள்ளையானதும் பிள்ளைகள் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் பெயர் போகவில்லை. வெள்ளை வெளேரென்று நாலும் ஒரே மாதிரி நிற்கும். "ரோஸு தள்ளு, பச்ச சாப்பிடட்டும்" என்று சஞ்சு சரியாகக் கூப்பிடுவான். எப்படி என்று எங்களில் யாருக்கும் விளங்கியதில்லை.

குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று அட்டைப்பெட்டியில் பல்பு மாட்டியிருந்தார். மழைநாளில் கரண்ட் போனது. அண்ணன் தயங்கவில்லை. நாலையும் காக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு டிரிப்புக்குக் கிளம்பிவிட்டார்.

"அண்ணே, உங்க பாக்கெட்டு கத்துது" என்றாராம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"பசிக்குது அதுங்களுக்கு. நீ சில்லறை எடு."

குஞ்சுகள் வளர்ந்தன. முட்டைக்கான ஏற்பாடு தொடங்கியது. கூடு செய்து வைக்கோல் போட்டார்கள். தினமும் காலையில் மூன்று பிள்ளைகளும் வைக்கோலைக் கிளறிப் பார்த்தார்கள். முட்டை இல்லை. கொண்டை மட்டும் சிவப்பாகப் பெரிதாகிக்கொண்டே போனது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முருகேசனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது நாலும் சேவலு."

"நாலுமா? எப்டிப்பா நாலும் சேவலா இருக்கும்?"

"சாயம் போட்டு விக்குறது பூராம் சேவக்குஞ்சுதாம்ணே. முட்டை போடாதுன்னுதான் விக்குறதே."

அண்ணன் நம்பவில்லை. "சின்னப் புள்ளைங்கப்பா, வெக்கப்படுதுங்க. போவப் போவ முட்டை வுடும்" என்றார். மறுநாள் காலை ரோஸ் மதிலில் ஏறி, கழுத்தை நீட்டி, கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏமாந்து தலையில் கைவைத்திருப்பார்கள். அண்ணன் குதித்தார். "கூவிட்சி! கலா, வந்து கேளு! ரோஸு கூவிட்சி!" அவருக்குத் துக்கச் செய்தி சொல்வதுபோல் கஷ்டமான வேலை கிடையாது. எதைச் சொன்னாலும் சந்தோஷப்பட்டுவிடுவார்.

மாடிப் பையன்களால் அப்படிச் சந்தோஷப்பட முடியவில்லை. சேவல்கள் நாலும் ஷிப்ட் பிரித்துக்கொண்டு கூவின. விடியற்காலை ஒன்று, கம்பெனி பஸ் ஹாரனுக்குப் பதில் கொடுத்து ஒன்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் மற்ற இரண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவனுக்குக் கண் சொருகும்போதுதான் சரியாக மதிலில் ஏறும்.

"நாலும் பேசிவச்சுக் கூவுதுண்ணே. மிஷின் முன்னால நின்னு தூங்கி விழுதேன். கை உள்ள போச்சுன்னா என்ன செய்ய?" என்றான் முருகேசன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அண்ணன் முகம் முதன்முறையாகச் சுருங்கியது.

விஷயம் வீட்டு ஓனரம்மா காதுக்குப் போனது. தண்டலத்திலிருந்து மாதாமாதம் வந்துபோகிறவர், இந்த முறை முன்னதாகவே வந்தார். "தோட்டம் இருக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்குள்ள சேவல் போவணும். இல்ல, நீ போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடியில் ஒருவன், "எங்க போவணும்? நம்ம சட்டிக்குப் போனா பிரியாணி" என்று விளையாட்டாகச் சொன்னான். கீழே பூர்ணி நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை. அண்ணன் ஓவர்டைமுக்குப் போகிறவர்களை ஏற்ற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிள்ளைகள் பின்னால் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று நானும் கலாவும் சமையலைப் பார்த்தோம். ஓனரம்மா வந்து, "எங்க சேவலு?" என்று கேட்டபோதுதான் பின்பக்கம் போனோம். கூடு திறந்து கிடந்தது. சேவல் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

எங்கள் காம்பவுண்டிலிருந்து மெயின் ரோடு கூப்பிடு தூரம். ஞாயிறென்றும் பாராமல் டிரெய்லர்களும் டிப்பர்களும் பறக்கிற ரோடு. கலா "பூர்ணீ!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் மாடியே இறங்கி ஓடிவந்தது. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள் செருப்புக்கூடப் போடாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நின்றிருந்த லாரிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். முருகேசன் பைக்கை உதைத்தான். கனத்த உடம்புக்காரரான ஓனரம்மா, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் தாவி ஏறி, "வுடுடா வண்டிய!" என்றார். நான் டீக்கடை, மளிகைக்கடை, பஸ் ஸ்டாப் என்று கவின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். கால் தரையில் பட்ட ஞாபகமே இல்லை. அண்ணனுக்கு போன் மேல் போன் போட்டோம். அவர் வண்டிச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்?

அங்கே நடந்ததை அண்ணன் பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வண்டி பாதி வழியில் போகும்போது சேவல் கூவியதாம். பக்கத்து சீட்காரரிடம், "இன்னிக்கு எங்க சேவலுங்கள அனுப்பப் போறோம்பா. அதான் எனக்குக் காதுலயே கூவுது" என்றாராம்.

"அண்ணே, எங்க காதுலயும் கூவுது."

வண்டியை ஓரங்கட்டினார். பின்சீட்டுக்குப் பின்னால், எரு மூட்டை வைக்கிற இடத்தில், தார்ப்பாயைத் தூக்கினார். மூன்று பிள்ளைகள். நாலு சேவல்கள். கவின் மடியில் ஊதா தூங்கிக்கொண்டிருந்ததாம்.

போன் வந்தது. "கலா! புள்ளைங்க எங்கிட்டதான் கீதுங்க! சேவலும் கீது! எல்லாம் நல்லா கீது!" பின்னால் பயணிகள் கைதட்டுவது கேட்டது. அவ்வளவு பேரையும் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். வழியெல்லாம் பூர்ணியின் பிளானைப் பாராட்டிக்கொண்டே வந்தாராம். எங்கள் வாசலில் இறங்கி நாலு அடி வைத்தவர், சட்டென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பூர்ணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சத்தமே வராமல் அழுதார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஏம்மா அப்டி பண்ண?" என்று நான்தான் கேட்டேன்.

"பிரியாணி போட்ருவாங்கனு சொன்னாங்க ஆன்ட்டி. ஸ்டேஷன்ல ரயில்ல ஏத்தி அனுப்பலாம்னு..."

முருகேசனுக்கு முகம் செத்துவிட்டது. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "ஏ பாப்பா, மாமாமாரு சும்மா சொன்னோம்டா. யாரும் தொட மாட்டோம்." பிறகு ஓனரம்மாவைப் பார்த்து, "ஆச்சி, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும். கம்பெனில சத்தத்துக்குக் காதுல அடைக்கக் குடுப்பாக. அத வச்சிக்கிடுதோம்" என்றான்.

ஓனரம்மா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டித் தீர்த்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது. "ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். மீதி மூணு, நல்லா வெச்சிக்கிறவங்க வூட்டுக்குப் போவட்டும். அப்பறம் ஒரு பெட்டை வாங்குய்யா. எந்த மடையனாவது நாலும் சேவலா வளப்பானா?"

அண்ணன் வண்டியில் தினமும் வரும் கேன்டீன் அக்கா ஒருவருக்கு வல்லத்துப் பக்கம் வீடும் தொழுவமும் இருந்தன. மூன்று சேவல்களையும் பிள்ளைகளே கொண்டுபோய் விட்டார்கள். தொழுவத்தில் நின்ற எருமைக்கு ஒவ்வொரு சேவலையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைத்துவிட்டுத்தான் சஞ்சு வந்தான். பதிலுக்கு அந்த அக்கா ஒரு பழுப்பு நாட்டுப் பெட்டையைக் கொடுத்தார். பால்வாடி டீச்சரைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்க்கிறதென்று பூர்ணி அதற்கு 'மிஸ்' என்று பெயர் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை கவின் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்து, சமையலறைக்குள் வந்தான். "ம்மா, தொட்டுப் பாரு. சூடா கீது."

"சூடா இருக்குன்னு சொல்லணும்டா."

"இல்லம்மா. கீது."

ஒரே ஒரு முட்டை. அண்ணன் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். டீக்கடைக்காரருக்குக் காட்டினார். தெருவில் நின்ற லாரி டிரைவருக்கும் காட்டினார். அப்புறம் தக்காளி போட்டு ஆம்லெட் ஆக்கி, மொத்தக் காம்பவுண்டுக்கும் பங்கு வைத்தார். ஆளுக்கு ஒரு ஸ்டாம்ப் அளவு வந்தது. "எப்டி கீது? எப்டி கீது?" என்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

நாங்கள் இப்போது தாம்பரத்தில் இருக்கிறோம். வேலையாக ஒரகடம் பக்கம் நான் அவ்வப்போது போக வேண்டியிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினால் வரிசையாக வண்டிகள் நிற்கும். "ஏறும்மா, ஏறும்மா, இடம் கீது" என்று கூப்பிடுவார்கள். பட்டாசு அண்ணன் வண்டி வரும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன்.