சோபா நடுக்கூடத்தில் நிலைத்த வரலாறு

வால்தம், மாசசூசெட்ஸ்
11 பிப்ரவரி 1970

மதிப்பிற்குரிய மைத்துனர் கிளாரன்ஸ் அவர்களுக்கு,

எல்மர் விட்காம் எழுதுவது. நானும் உங்கள் தங்கை வின்னியும் நலம். வூஸ்டரில் நீங்களும், உங்கள் இரும்புச் சாமான் கடையும், உங்கள் இரண்டு காதுகளும் நலம் என்று நம்புகிறேன். காதுகளைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்தின்போது, எங்கள் வீட்டு வான்கோழியின் தொடையைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாப்ளே, ஆண்டவன் மனுஷனுக்குக் காது ரெண்டுதான் வச்சிருக்கான். நீங்க நாலு ஸ்பீக்கர் வைக்கறீங்க. மிச்சம் ரெண்டை யாரு கேக்கறது, வான்கோழியா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வின்னி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். இந்தக் கடிதம்தான் பதில்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்னேற்றத்தை நீங்கள் எதிர்ப்பது இது முதல் தடவையும் அல்ல. ஒரே கச்சேரியின் இடது பாதியை ஏ.எம். அலைவரிசையிலும் வலது பாதியை எஃப்.எம். அலைவரிசையிலும் ஒலிபரப்பிய 1958-ல், சமையலறை ரேடியோவை ஒரு பக்கமும் கூடத்து ரேடியோவை மறுபக்கமும் ஏழடி இடைவெளியில் வைத்து, நடுவில் உங்களை உட்காரவைத்தவன் நான். மறுவருடம் ரயில் ஓடும் இசைத்தட்டு வந்தது. இடது சுவரில் புறப்பட்டு வலது சுவரில் மறைந்த அந்த ரயிலைக் கேட்க எங்கள் தெருவே திரண்டு வந்தது. நீங்கள் மட்டும், "இது வூஸ்டர்ல நிக்குமா?" என்று கேட்டீர்கள்.

இப்போது நாலு வந்துவிட்டது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வாத்தியங்களுக்கு. பின்னால் இரண்டு பெட்டிகள் மண்டபத்துக்கு, அதாவது பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, ரசிகர்களின் கைதட்டல், அவர்களுடைய நாற்காலிகளின் முனகல் ஆகியவற்றுக்கு. நாலையும் ஒரு நிலையத்தால் அனுப்ப முடியாது என்பதால் பாஸ்டனில் இரண்டு நிலையங்கள் கைகோத்து, முன்பக்கத்தை ஒன்றும் பின்பக்கத்தை மற்றொன்றுமாக அனுப்புகின்றன. ஆகவே கேட்பவனுக்கு இரண்டு ரேடியோ ரிசீவர் வேண்டும். ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் காஸிமிர் வோய்சிக்கிடம் இருக்கிறது. எங்கள் ஒலி ரசிகர் சங்கத்தில், வால்வு ரேடியோ உயர்ந்ததா டிரான்சிஸ்டர் ரேடியோ உயர்ந்ததா என்ற விவாதத்துக்குப் பின் நானும் அவரும் நாலு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஆளுக்கு அரைக் கச்சேரியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும்? நான்தான் போய்க் கதவைத் தட்டினேன்.

பிரச்சினை சோபாவால் வந்தது. நாலு பெட்டிகளுக்கும் சமதூரத்தில் காது இருக்க வேண்டும். ஆகவே சோபாவைச் சுவரிலிருந்து பெயர்த்து, டேப் வைத்து அளந்து, கூடத்தின் நட்டநடுவில் போட்டேன். "இது வீடா, பஸ் ஸ்டேஷனா? துடைப்பத்தோட நான் இதைச் சுத்திச் சுத்தி வரணுமா?" என்றாள் உங்கள் தங்கை. மூன்று வாரம் இதே கேள்வி. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒலிபரப்பின்போது அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்காருவாள். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு மண்டபமே இருப்பதாக அவளுக்குத் தானாகத் தோன்றினால் சோபா நடுவிலேயே நிரந்தரம். தோன்றாவிட்டால் சோபா சுவருக்கு, பின்பெட்டிகள் நிலவறைக்கு, நாலு சேனல் என்ற பேச்சு இந்த வீட்டில் அதோடு முடிவு. பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிவந்தது எல்லாம் அந்த ஒரு பிற்பகலில் தொங்கியது.

ஞாயிறு காலையிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது, காஸிமிர் தன் ரிசீவரைக் கம்பளியில் சுற்றிச் சறுக்குப்பலகையில் வைத்து இழுத்து வந்தார், மேட்டில் கயிறு நழுவி அது தானாகவே எங்கள் தெருவுக்குள் சறுக்கிப் போய்ப் பாதிரியார் வீட்டு வேலியில் முட்டி நின்றது, நல்லவேளை கம்பளி தடிமன், உள்ளே கொண்டுவந்து பார்த்தால் கூடத்தில் ப்ளக் பாயிண்ட் எல்லாம் தீர்ந்துவிட்டது, சாப்பாட்டறை அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று காலியாக இருந்ததால் ரிசீவரை அங்கே வைத்து ஒயரைக் கூடத்துக்கு இழுத்தோம், அப்புறம் பார்த்தால் என் கூரை ஏரியல் ஒரு ரிசீவருக்குத்தான் போதும், மற்றதற்கு ரிப்பன் மாதிரி இருக்கும் ஏரியல் ஒயரைத் திரைச்சீலையில் குத்தினால் கொரகொரவென்று இரைகிறது, மனிதன் கையில் பிடித்து வடகிழக்காக நீட்டினால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. காஸிமிர் தன் ரிசீவரின் மானத்துக்காகச் சோபாவுக்குப் பின்னால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையை உயர்த்தினார். இறக்கவே இல்லை.

"யோவ் எல்மர், நான் கச்சேரி கேக்க வந்தேனா, கைதியா வந்தேனா?"

"வாயை மூடுங்க. வாயசைஞ்சா கையும் அசையுது."

சங்க விதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. கேட்கும் வேளையில் யார் வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ சத்தம் வந்தாலும் அவருக்கு ஒரு வருடம் இசைத்தட்டு தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. 1966-ல் தும்மிய பொருளாளர் இப்போது மீன் வளர்க்கிறார்.

முதல் பாதி எனக்குச் சாதகமாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வின்னி கண்கட்டோடு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பின்னால யாரோ பேக்கன் கறி வறுக்கறாங்க" என்றாள். அது இரைச்சல். இடைவேளையில் அவள் கட்டை அவிழ்த்துவிட்டு, எங்களுக்குக் காபி போடப் போனாள். சோபா ஏற்கெனவே சுவரை நோக்கி நகர ஆரம்பித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. "கையை இன்னும் ஒரு அங்குலம் தூக்குங்க காஸிமிர், உங்க காலைப் பிடிக்கறேன்" என்றேன். அவர் தூக்கினார்.

கிளாரன்ஸ், அந்த ஒரு அங்குலம்! இரண்டாம் பாதி தொடங்கியதும் பின்பக்கத்து இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. குறைந்தது என்று நான் சொல்லவில்லை, நின்றேவிட்டது. எனக்கும் கண் தானாக மூடிக்கொண்டது. பின்பெட்டிகள் இருக்கும் இடமே தெரியவில்லை. மட்டமான கருவியானால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நிமிஷத்துக்கொரு முறை சொல்லிக்கொண்டிருக்கும். இதுவோ அடக்கத்தின் சிகரம். "இதான்யா மண்டபம். காத்து மாதிரி இருக்கு" என்று காஸிமிர் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். நாலு வருடம் என்னோடு பேசாத அவரே அப்படிச் சொன்னார் என்பதைக் கவனிக்கவும்.

அப்போதுதான், மெதுவான பகுதியில், ஒரே ஒரு வயலின் மட்டும் இழைந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஈரமான, நடுத்தர வயது இருமல். உங்கள் தங்கை கண்கட்டோடு விருட்டென்று பின்னால் திரும்பினாள். "இருமறதா இருந்தா வாசலுக்குப் போய் இருமுங்க! நல்ல இடத்துல வந்து கெடுக்கறீங்களே!" என்றாள்.

பாஸ்டன் எங்கள் வீட்டிலிருந்து பத்து மைல். பத்து மைலுக்கு அப்பால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகரை, வால்தமில் சோபாவில் உட்கார்ந்தபடி உங்கள் தங்கை அதட்டியிருக்கிறாள். நான் எழுந்து குதித்தேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, "காஸிமிர், இருமினது நீங்களா?" என்று சங்கச் செயலாளர் என்ற முறையில் கேட்டேன்.

"நானா? மூச்சே விடலையேய்யா!" என்றார் அவர், கையை இறக்காமல்.

வின்னி கட்டை அவிழ்த்தாள். காஸிமிரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பாட்டறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். தோல்வியை ஏற்க எவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். பிறகு, "சரி, சோபா அங்கேயே இருக்கட்டும்" என்றாள். அவள் ஊற்றிக் கொடுத்த காபி என்றும் இல்லாத சூடாக இருந்தது. வெற்றி பெற்றவன் குடிக்கும் காபி அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

முழு விவரத்தையும் சங்க இதழுக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஒரு அங்குலத்துக்கு 'வோய்சிக் உயரம்' என்று பெயர் சூட்டியிருக்கிறேன். வரும் ஞாயிறு உறுப்பினர்கள் பதினொரு பேர் நேரில் கேட்க வருகிறார்கள். பன்னிரண்டாவது இடம் உங்களுக்கு. வான்கோழி கிடையாது, ஆகவே மிச்சம் இரண்டு பெட்டியையும் நீங்களே கேட்க வேண்டியிருக்கும்.

வின்னியின் அண்ணிக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் கடை செழிக்கவும், உங்கள் காதுகள் காலத்தோடு ஒத்துப்போகவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடுக்கூடத்துச் சோபாவிலிருந்து,
எல்மர் விட்காம்

பின்குறிப்பு: அண்ணா, வின்னி எழுதறேன். தபால்தலை ஒட்டச் சொல்லிக் கடுதாசியை என்கிட்ட கொடுத்தார், அதான் படிச்சேன். இருமினது காஸிமிர்தான். பின்ன யாரு? நான் அவரைத்தான் திட்டினேன். சாப்பாட்டறையில ப்ளக் பாயிண்ட் ஒண்ணுதான் இருக்குன்னு உனக்கே தெரியும். இடைவேளையில காஸிமிரோட ரிசீவர் ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மின்சாரக் காபிப் பானையைச் சொருகினேன், மறுபடி மாத்த மறந்துட்டேன். அந்த மனுஷன் ஒரு மணி நேரம் கையைத் தூக்கினது என் காபிக்காகத்தான். சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். ஆனா சோபா நடுவுல வந்ததுலேர்ந்து ஜன்னல் குளிர் என் கழுத்துல அடிக்கறதில்லை. பின்னால இருக்கற பெட்டி ரெண்டும் என் வயலட் பூத்தொட்டிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, மொட்டுகூட விட்டாச்சு. அதனால நீ வாயைத் திறக்காதே. என் கவலை வேற. வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு பேர் வர்றாங்க, அத்தனை பேருக்கும் காபி போடணும். ரிசீவரைச் சொருகினா காபி இல்லை, பேக்கன் வறுக்கற சத்தம் திரும்ப வந்துடும். காபியைச் சொருகினா எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரமாதம்பாங்க. நான் காபின்னு முடிவு பண்ணிட்டேன். நீயும் வா. வரும்போது இருமல் மருந்து ஒண்ணு காஸிமிருக்கு வாங்கிட்டு வா. வேண்டாம், வாங்காதே. அவர் இருமலைன்னா பின்னால மண்டபமே இருக்காது.