கூண்டுக்குத் தலைமைக் காவலர்

தராசுக்காரர் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறைய பற்பசை நுரை. அதனால் சபதத்தின் முதல் பாதி யாருக்கும் விளங்கவில்லை.

"இழிமே இழ்த வீட்டுக் கோழி மேழ..." என்று தொடங்கியவர், கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். "இனிமே இந்த வீட்டுக் கோழி மேல ஒரு ஈ உட்காரணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் உட்காரணும்!"

அவர் மனைவி கொல்லையில் குனிந்து, சிதறிக் கிடந்த பழுப்பு இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குஞ்சாக வாங்கி, அட்டைப் பெட்டியில் பல்பு எரியவிட்டு அவள் வளர்த்த பதினொரு கோழிகள். மூன்று நாள் முன்னால் ஒன்று செத்தது. இன்றைக்கு ஒன்றை எதுவோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் கோழிகளோ ஒரே வாரத்தில் கூண்டோடு போய், அவர் காலிக் கூண்டில் கரி மூட்டை வைத்திருந்தார்.

"இது கீரி வேலை" என்றார் தராசுக்காரர்.

"இது கீரியா இருக்கலாம். அன்னிக்குச் செத்தது அப்படியில்லைங்க. முகமெல்லாம் வீங்கி, மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு."

"கீரியைப் பார்த்துப் பயந்திருக்கும். பயந்தா முகம் வீங்கும்."

"மூக்கு?"

"அழுதிருக்கும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறகுகளோடு உள்ளே போனாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

தராசுக்காரர் என்றால் தராசு விற்கிறவர் இல்லை, பழுது பார்க்கிறவர். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால் கோழிக்கடை, மீன்கடை, கறிக்கடை என்று ஏறி இறங்கி, எடை மெஷின்களைத் துடைத்து, தட்டி, நூறு கிராம் பொய் சொல்வதை உண்மை பேச வைத்துவிட்டு வருவார். ஊரில் உள்ள எடையையெல்லாம் சரி செய்கிறவருக்கு ஆளை எடைபோட மட்டும் வராது. குறிப்பாக, இருபத்திரண்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளை.

ஞாயிற்றுக்கிழமை போர் ஆயத்தம் நடந்தது. கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கூண்டைச் சுற்றி விரல் நுழையாத கம்பிவலை. கீரி குழி பறித்துக்கொண்டு வராமலிருக்க வலையை அரை முழம் மண்ணுக்குள் இறக்கினார். பருந்துக்காக மேலே ஒரு வலை. கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்தைக்குப் போட்டுப் போகும் அதே பூட்ஸோடு கூண்டுக்குள் திம்திம்மென்று நடந்தார்.

"அந்த பூட்ஸையாவது கழட்டிட்டு உள்ள போகக்கூடாதா?" என்றாள் மனைவி.

"போர்க்களத்துல எவனாவது பூட்ஸைக் கழட்டுவானா?"

குழப்பம் திங்கட்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்தவரை மனைவி வாசல் கேட்டிலேயே நிறுத்தினாள்.

"யோசிச்சுப் பார்த்தேங்க. நீங்க சொன்னதுதான் சரி."

தராசுக்காரர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத வாக்கியம் அது.

"எது சரி?"

"எல்லாமே. கீரிதான். அதைப் பிடிக்கணும்னா மனுஷ வாடை கூண்டுப் பக்கம் அடிக்கவே கூடாதாம். நீங்க சந்தையிலேருந்து வர்றீங்க. உங்க வாடை நாலு தெருவுக்கு வீசுது. அதனால பூட்ஸை இங்கயே கழட்டி இந்த வாளியில விடுங்க. பக்கவாட்டுக் குளியலறையில தலையோட குளிச்சிட்டு, வேற துணி மாத்திக்கிட்டு, அப்புறம் காவலுக்குப் போங்க."

"தினமுமா?"

"கீரி தினமும் மூக்கை வச்சிருக்கே."

அவர் பூட்ஸைக் கழற்றி வாளியில் விட்டார். குளித்துவிட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?"

"காவலுக்கு!"

"தலைமைக் காவலர் எங்கயாவது கூண்டுப் பக்கத்துல நிப்பாரா? உசரத்துல இருந்து பார்த்தாத்தான் கீரி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியும். மாடியில நாற்காலி போட்டிருக்கேன். தீனி, தண்ணி, கூட்டல் எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"கூட்டலா?"

"கூண்டைக் கூட்டறது. நீங்க கணக்குக் கூட்டுங்க. எத்தனை கோழி இருக்குன்னு தினமும் எண்ணி எழுதுங்க. அதை உங்களைத் தவிர யாரால செய்ய முடியும்?"

தலைமைக் காவலர் என்ற சொல் அவர் நெஞ்சுக்குள் இறங்கி, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அவர் மாடி ஏறினார்.

செவ்வாய்க்கிழமை எண்ணினார். ஒன்பது. நாலு பழுப்பு, மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. கணக்கு சரி.

புதன்கிழமை எண்ணினார். ஏழு. கறுப்பு இரண்டையும் காணோம்.

மாடியிலிருந்து கத்தினார். "ஏம்மா! ரெண்டு குறையுது!"

"உள்ள முட்டை வைக்குதுங்க!" என்று கீழிருந்து பதில் வந்தது.

"ரெண்டு மணி நேரமாவா?"

"உங்களை மாதிரி நின்னு பார்த்துட்டே இருந்தா யாருக்குத்தான் முட்டை வரும்?"

அவர் கூச்சப்பட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை எண்ணினார். பத்து.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். பத்து. நாலு பழுப்பு, மூன்று வெள்ளை, கறுப்பு ஒன்றுகூட இல்லை, புள்ளி போட்ட கோழி மூன்று. புள்ளிக் கோழி அந்த வீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. தராசுக்காரர் படிகளில் உருளாத குறையாக இறங்கி வந்தார்.

"மூணு கோழி கூடுதலா இருக்கு!"

"நல்லதுதானே?"

"கறுப்பு ரெண்டும் இல்லை!"

"இறகு மாத்துதுங்க."

"ரெண்டு கறுப்பு, மூணு புள்ளியா மாறுமா?"

"நீங்க எண்ணும்போது அது ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது."

"ஓடற கோழியை எண்ணினா அப்படித்தான்."

இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. திரும்பி மாடிக்குப் போனார். சந்தையில் எந்த மெஷினும் தானாக மூன்று கிலோ கூட்டிக் காட்டி அவர் பார்த்ததில்லை. திருட்டு என்றால் புரியும். கறுப்பை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புள்ளியை வைத்துவிட்டு, போனால் போகிறது என்று ஒன்றைக் கூடுதலாகவும் போட்டுவிட்டுப் போகும் திருடன் யார்? மனசாட்சி உள்ள கீரியா?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைச் சுவர் வழியாக விசாரித்தார். அந்த அம்மாள் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும்.

"எங்க கொல்லையில யாராவது வர்றதைப் பார்த்தீங்களா?"

"ம்ம்."

"பார்த்தீங்களா, இல்லையா?"

"ம்ம்ம்."

"உங்ககிட்ட மூணு புள்ளிக் கோழி இருந்துச்சே, அது எங்கே?"

தையல்காரம்மா திடீரென்று ஊசி குத்தியதுபோல் உதட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை எட்டு. அடுத்த செவ்வாய் ஒன்பது. அவருடைய கணக்கு நோட்டில் கூட்டலும் அடித்தலும் திருத்தலுமாகக் கோழி கிறுக்கியதுபோல் இருந்தது. ராணி மாதிரி வளைய வந்த வெள்ளைக் கோழி ஒருநாள் காணாமல் போய், ஐந்தாம் நாள் தன் இடத்தில் நின்று, அவரைத் தெரியாததுபோல் மண்ணைக் கிளறியது. சந்தையில் ஒரு கோழிக்கடை மெஷினில் இரண்டு கிலோ கல்லை வைத்துவிட்டு, "எட்டா, பத்தா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

பதினைந்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, மத்தியானமே சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தார். பக்கவாட்டுச் சந்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவர் மனைவி ஒரு பழுப்புக் கோழியைத் துண்டில் சுற்றிச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமிருந்து இரண்டு கை அதை வாங்கியது. அதே கை ஒரு கறுப்புக் கோழியைத் திருப்பிக் கொடுத்தது.

"பிடிச்சுட்டேன்!" என்று பாய்ந்தார் தராசுக்காரர்.

"அங்கயே நில்லுங்க! பூட்ஸ்!" என்றாள் மனைவி.

ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே அவர் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"கீரி நீதானா? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்ததைச் சுவர் ஏத்தி அனுப்பறியே! எதுக்கு? எங்கே? யாருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. தையல்காரம்மா இல்லை. கண்ணாடி போட்ட, கையுறை மாட்டிய கால்நடை டாக்டரம்மா.

"நீங்கதான் தராசுக்காரரா? உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன் சார்!"

தராசுக்காரர் தூக்கிய காலை இறக்கலாமா என்று யோசித்தார்.

"இந்தத் தெருவுல சளிநோய் புகுந்து கோழியெல்லாம் போயிடுச்சு. உங்க வீட்டுலயும் இந்த வீட்டுலயும் மட்டும் ஒண்ணு தவிர எல்லாம் தப்பிச்சுதே, அது உங்களாலதான்" என்றார் டாக்டரம்மா. "கோழிக்கடைக்குப் போயிட்டு வர்றவங்க பூட்ஸ்லயும் துணியிலயும்தான் நோயே வீட்டுக்கு வருது. எல்லா வீட்டுலயும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தர் கேட்கலை. நீங்க ஒருத்தர்தான் வாசல்லயே பூட்ஸை மருந்துத் தண்ணியில முக்கி, குளிச்சு, துணி மாத்தி, கூண்டுப் பக்கமே போகாம மாடியிலயே உட்கார்ந்திருக்கீங்களாமே! வீட்டம்மா சொன்னாங்க. நோய் கண்டதைத் தனியா இந்தப் பக்கத்துக் கொட்டகையில வைக்கறதும், இங்க இருந்த நல்ல புள்ளிக் கோழியை அந்தப் பக்கம் மாத்தறதும் உங்க யோசனையாமே. எப்படி சார் தோணிச்சு?"

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கறுப்புக் கோழியின் கொண்டையை மிக அக்கறையாகத் தடவிக்கொண்டிருந்தாள். சுவரின் மறுபக்கம் தையல்காரம்மா இந்த முறை குண்டூசி இல்லாமலே வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

அவர் தலைக்குள் வாளி, வாடை, நாற்காலி, புள்ளிக் கோழி எல்லாம் வரிசையில் வந்து நின்றன. தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... நோய்னா விளையாட்டு இல்லை பாருங்க" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் தெருக்காரங்க எல்லாரையும் இங்க வரச் சொல்றேன். நீங்களே அவங்களுக்கு விளக்கிச் சொல்லிடுங்க சார்."

டாக்டரம்மா போனதும் அவர் தானாகவே போய் பூட்ஸை வாளியில் விட்டார். குளித்தார். துணி மாற்றிக்கொண்டு மாடிக்குப் போகப் பார்த்தவர், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேராவே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொல்லியிருந்தா பூட்ஸுக்கு வாதாட ஆரம்பிச்சிருப்பீங்க. நீங்க ஜெயிக்கறதுக்குள்ள கோழியெல்லாம் போயிருக்கும்."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. கீழே கறுப்புக் கோழி ஒன்று இரண்டு வாரம் கழித்துத் தன் கூண்டில் மண்குளியல் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தராசுக்காரருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் சந்தேகம் ஒன்று மட்டும் மெல்லத் தலைதூக்கியது.

"சரி, போகட்டும். இனிமே ஒளிவு மறைவு வேண்டாம். இந்த மாதிரி நானாத்தான் செய்யறேன்னு என்னை நினைக்க விட்டு, நீ எனக்குத் தெரியாம செய்ய வச்சது வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டு கையும் தீர்ந்து போயிற்று.

"எந்த வருஷத்துலேருந்துங்க சொல்லட்டும்?"